ஃபிரிட்ஜுக்கு ஏழரைச் சனி

"உங்கள் ஃபிரிட்ஜுக்கு ஏழரைச் சனியா? வாஷிங் மெஷினுக்கு ராகு தோஷமா? கலங்க வேண்டாம். கடையிலேயே பரிகாரம்!"

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு ஃபிளெக்ஸ் போர்டு. வைத்தவர் விவரமானவர். அந்த கேட்டை மூடினால் லேசில் திறக்க மாட்டார்கள். நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி அசைந்து அசைந்து போய் முடியும்வரை பஸ்ஸில் இருப்பவர்களுக்கு அந்த போர்டைப் படிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. கேட் திறப்பதற்குள் பாதிப்பேருக்குத் தங்கள் வீட்டு மிக்ஸியின் நட்சத்திரம் என்னவாக இருக்கும் என்கிற கவலை வந்துவிடும்.

போர்டு வைத்தவர் தீர்க்காயுசு எலக்ட்ரானிக்ஸ் முதலாளி வசந்தகுமார். போர்டில் சிரித்துக்கொண்டிருந்தவர் 'எந்திர ஜோதிட சக்கரவர்த்தி' குஞ்சிதபாதம். மூன்று வருஷம் முன்புவரை பஸ் ஸ்டாண்டில் கிளி ஜோசியம் பார்த்தவர். ஒருநாள் கிளி பறந்துவிட்டது. அது பறக்கப்போகிற விஷயம் மட்டும் எந்தச் சீட்டிலும் வரவில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவருக்கு மெஷின்களின் மேல் ஞானம் பிறந்தது. மெஷின் பறக்காது பாருங்கள்.

முறை ரொம்ப எளிது. ஃபிரிட்ஜோ டி.வி.யோ தேர்ந்தெடுக்க வேண்டியது. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் நம்பரைக் குறித்துக்கொண்டு சக்கரவர்த்தியின் மேஜைக்குப் போக வேண்டியது. அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, கண்ணை மூடி, விரலை மடக்கி, அந்த மெஷின் எந்த மாசத்தில் மண்டையைப் போடும் என்று சொல்லிவிடுவார். வாங்குபவர் முகம் வெளுக்கும். உடனே பக்கத்திலேயே பரிகாரம். 'ஆயுள் நீட்டிப்பு அட்டை.' மெஷின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை. மெஷினில் ஒட்ட ஒரு செப்புத் தகடு இலவசம்.

மற்ற ஊர்களில் இதற்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று பெயர். அப்படிச் சொல்லி விற்றபோது இருபது பேரில் இரண்டு பேர் வாங்கினார்கள். 'கண்டம்' என்று சொன்னதும் இருபது பேரும் வாங்கினார்கள். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்திருந்த மாசி மாதம் வேறு. கடை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு வியாழக்கிழமை நீலாயதாட்சியும் நின்றாள்.

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைக்காரி. விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, முதல் வண்டியில் ஏற்றி வந்து, நீடாமங்கலம் கடைத்தெருவில் மீன் விற்பவள். புருஷன் காயாரோகணம் இறந்து ஆறு வருஷம். மத்தியானத்துக்குமேல் விற்காத மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கருவாட்டுக்குக் கொடுத்து, வருஷம் முழுக்க நஷ்டப்பட்டது போதும் என்று ஒரு டீப் ஃப்ரீசர் வாங்க முடிவு செய்திருந்தாள். மகளிர் குழுக் கடன் முப்பத்தெட்டாயிரம் கைக்கு வந்திருந்தது. ஃப்ரீசர் விலையும் சரியாக அவ்வளவுதான்.

மீன் விஷயத்தில் அவளை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கடவுள் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். ஆனால் மெஷின் விஷயத்தில் அவளுக்கு ஒரு பயம் உண்டு. போன வருஷம் அவள் வீட்டு மிக்ஸி, வாரண்டி முடிந்த பதினோராம் நாள் புகைந்து போனது. 'அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?' என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

குஞ்சிதபாதம் ஃப்ரீசர் நம்பரைக் கேட்டார். விரலை மடக்கினார். உதட்டைப் பிதுக்கினார்.

"பதினாலாவது மாசம் கண்டம் இருக்கும்மா. கம்ப்ரஸர்ல அடிக்குது."

"சாமி, மெஷினைப் பாக்காமலே சொல்றீங்களே?"

"மெஷின் எதுக்கும்மா? எனக்கு நம்பர் போதும். எண்ணே பேசும்."

அட்டை ஏழாயிரத்து அறுநூறு. நீலாயதாட்சியிடம் இல்லை. வசந்தகுமார் கருணையோடு சொன்னார். "நாளைக்குக் காலையில கொண்டு வாங்கக்கா. நாள் தள்ளினா தோஷம் ஏறும்."

காதில் கிடந்த தோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு அடகுக் கடைப் பக்கம் நடந்தாள். மகள் சுவேதா பிறந்தபோது காயாரோகணம் வாங்கிப் போட்டது அது. வழியில் ஹாஜா மைதீனின் பட்டறை. சவூதியில் பதினாறு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, இங்கே ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவர். அவளிடம்தான் மீன் வாங்குவார்.

"என்னக்கா, மூஞ்சி வாடிக் கெடக்கு?"

சொன்னாள். கடையில் கொடுத்த அட்டையின் மாதிரித் தாளையும் நீட்டினாள். "பொடி எழுத்தா இருக்கு பாய். கொஞ்சம் படிங்க."

ஹாஜா மைதீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார். "வோல்டேஜ் கூடிக் குறைஞ்சு பழுதானால் இந்த அட்டை பொருந்தாது. துருப்பிடித்தால் பொருந்தாது. எலி, பல்லி, எறும்பு புகுந்தால் பொருந்தாது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் பொருந்தாது."

"என்னது? மீன்காரி டீப் ஃப்ரீசர் வாங்கி வியாபாரம் பண்ணாம, அதுக்குள்ள உக்காந்து தவமா செய்வா?"

"கோவிச்சுக்காதீங்க. இன்னும் இருக்கு. ரப்பர், பல்பு, பிளாஸ்டிக் எதுவும் பொருந்தாது."

"அப்ப எதுக்குத்தான் பொருந்தும்?"

"எதுவுமே கெடாம இருந்தா முழுசாப் பொருந்தும்."

அதோடு அவள் வாங்கி வந்திருந்த ஃப்ரீசர் கம்பெனியின் வாரண்டிச் சீட்டையும் படித்துக் காட்டினார். கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம் கம்பெனியே பொறுப்பு. வீட்டில் வைத்தாலும் உண்டு, மீன் மார்க்கெட்டில் வைத்தாலும் உண்டு. பைசா கட்ட வேண்டாம்.

"மத்தபடி என்ன கெடும் பாய்?"

"ரிலே போகும், எண்ணூறு ரூவா. தெர்மோஸ்டாட் போகும், ஆயிரத்து இருநூறு. கேஸ் இறங்கினா மூவாயிரம். எல்லாம் ஒரே வருஷத்துல போனாக்கூட அவன் கேக்குற பணம் வராது. எந்த அட்டையும் வாங்கவே கூடாதுன்னு சொல்லல. கம்பெனியே நேரா குடுத்து, ரிப்பேர் செலவு பெருசா இருந்து, வெலை கம்மின்னா கணக்குப் பாத்து வாங்கலாம். இது கணக்கே இல்லாத கணக்கு."

"ஆனா என் மிக்ஸி பதினோராம் நாளே போச்சே?"

"உங்க கிரைண்டர்?"

"அது பதினாலு வருஷமா ஓடுது."

"அதுக்கு யாரு ஜாதகம் பாத்தா? ஓடுற மெஷினைப் பத்தி யாரும் கடைத்தெருவுல பேசுறதில்லக்கா. போனது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். இன்னொன்னு கவனிச்சீங்களா? கம்பெனி வாரண்டி பன்னெண்டு மாசம். அந்தப் பன்னெண்டு மாசத்துக்குள்ள ஒரு மெஷினுக்காவது அவரு கண்டம் சொல்லியிருக்காரா? சனிபகவான் வாரண்டி கார்டு பாத்துட்டுத்தான் வர்றாரு."

நீலாயதாட்சி அடகுக் கடைக்குப் போகவில்லை. ஆனால் தான் இவ்வளவு நேரம் தோட்டைக் கழற்றத் தயாராக இருந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரத்தில் கோபமானது. அழுகின மீனை நல்ல மீன் என்று தன் தலையில் கட்டப் பார்த்தவனை அவள் சும்மா விட்டதாகச் சரித்திரம் இல்லை.

"நாளைக்கு நீங்களும் வாங்க பாய். நான் ஒரு நம்பர் வச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை கடையில் திருவிழாக் கூட்டம். குஞ்சிதபாதம் பட்டுத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். வரிசையில் நீலாயதாட்சிக்கு முன்னால் ராஜராஜன். ஒளிமதிப் பக்கம் நாலு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி. தலைமேல் தூக்கி வந்த புது டேபிள் ஃபேனுக்கு ஆயுள் கேட்க வந்திருந்தார். பெயர்தான் ராஜராஜன், மேஜை முன்னால் கைகட்டித்தான் நின்றார்.

"இரு ராஜராஜா, என்னுது ஒரு நிமிஷ வேலை" என்று அவள் முன்னால் போனாள். "சாமி, நேத்து ஃப்ரீசருக்குப் பாத்தீங்க. இன்னொரு நம்பர் இருக்கு. என்ன மெஷின்னு சொல்லணுமா?"

"தேவையில்லம்மா. எண்ணே பேசும்."

"எல்லாரும் கேளுங்க, எண்ணே பேசுமாம்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மடியிலிருந்த தாளைப் பார்த்து நம்பரை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

குஞ்சிதபாதம் விரலை மடக்கினார். முகம் மலர்ந்தது.

"ஆஹா! நல்ல குளிர்ச்சியான ஜாதகம். சத்தம் போடாது. கரண்டு அதிகம் இழுக்காது. சொன்ன பேச்சு கேக்கும்."

"சத்தமே போடாதா?"

"மூச்சு விடாது."

"அது சரிதான்" என்றாள் நீலாயதாட்சி.

"ஆனா பதினெட்டாவது மாசம் ஒரு கண்டம் தெரியுது. அடிவயித்துல கோளாறு. அட்டை போட்டுட்டா மூணு வருஷத்துக்கு அசையாது."

"இப்பவே ஆறு வருஷமா அசையலய்யா!"

தாளை விரித்து மேஜைமேல் அறைந்தாள். அரசாங்க முத்திரை போட்ட தாள். குழுக் கடனுக்காக நகல் எடுத்து வைத்திருந்தது.

"படி. நல்லா சத்தமாப் படி. இது என் வீட்டுக்காரர் காயாரோகணத்தோட இறப்புச் சான்றிதழ். அதுல இருக்கிற பதிவு நம்பரைத்தான் சொன்னேன். செத்தவருக்குப் பதினெட்டு மாசத்துல கண்டமா? உன் அட்டையப் போட்டா எந்திரிச்சு வருவாரா? வந்தா நீயே வச்சுக்க. இருபத்திரண்டு வருஷம் வாரண்டி இல்லாம ஓட்டினவ நான்."

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் கடையே சிரித்தது.

வசந்தகுமார் கல்லாவிலிருந்து ஓடிவந்தார். "அக்கா, ஜோசியம் ஒரு சம்பிரதாயத்துக்கு. அதை விடுங்க. வாரண்டி நெஜம்."

"நெஜமா? சரி. இதுவரைக்கும் எத்தனை பேருக்கு அந்த அட்டையில ரிப்பேர் செஞ்சு குடுத்திருக்கீங்க? ஒரு பேரு சொல்லுங்க."

வசந்தகுமார் யோசித்தார். நிறைய யோசித்தார். வரிசையில் இருந்த ராஜராஜனின் கைக்கட்டு அவிழ்ந்தது.

"யோவ், என் வாஷிங் மெஷினுக்கு அட்டை போட்டேனே! ஒயரை எலி கடிச்சுதுன்னு வந்து நின்னப்ப, எலி பிள்ளையார் வாகனம், அதுக்கு அட்டை பொருந்தாதுன்னு இந்த ஆளுதானே சொன்னான்?"

"அவர் சொன்னதுக்குக் கடை பொறுப்பில்லை" என்று வசந்தகுமார் பாய்ந்தார். "அவர் சொந்தமா வந்து உக்காந்திருக்கார். எனக்கும் அவருக்கும் சம்பந்தமே கெடயாது."

அதுதான் அவர் செய்த தப்பு. சக்கரவர்த்திக்கு ரோஷம் வந்துவிட்டது. பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டை உருவிக் கூட்டத்திடம் நீட்டினார்.

"சம்பந்தம் இல்லையா? இது யாரு கையெழுத்து? நம்பர் ஒத்தைப்படையில முடிஞ்சா பதினாலு மாசம், ரெட்டைப்படையில முடிஞ்சா பதினெட்டு மாசம்னு எழுதிக் குடுத்தது யாரு? அட்டைக்கு ஐந்நூறு கமிஷன்னு ஆசை காட்டிட்டு, போன மாசத்துலேர்ந்து அதையும் தரல இந்தப் பாவி!"

இப்படியாக, கிரகங்கள் சொல்லாததை கமிஷன் பாக்கி சொல்லிவிட்டது.

கூட்டத்தில் நின்றிருந்த ஹாஜா மைதீன் அந்தச் சீட்டை வாங்கி உரக்கப் படித்தார். அட்டை வைத்திருந்தவர்கள் ஆளாளுக்கு அதில் எழுதியிருந்த மெஷின் நம்பரையும் கண்டத்து மாசத்தையும் பார்த்தார்கள். ஒத்தை, பதினாலு. ரெட்டை, பதினெட்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஜோசியம் இவ்வளவு துல்லியமாகப் பலித்தது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை.

ராஜராஜன் கொடுத்த புகாரில் அன்று சாயங்காலத்துக்குள் போலீஸ் வந்தது. அட்டை வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக வசந்தகுமார் எழுதிக் கொடுத்தார். ஃபிளெக்ஸ் போர்டை இறக்கினார்கள்.

நீலாயதாட்சி அடுத்த வாரம் மன்னார்குடியில் ஒரு கடையில் ஃப்ரீசர் வாங்கினாள். வாரண்டிச் சீட்டை அங்கேயே நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் பணத்தை எண்ணினாள். அட்டை வேண்டாம் என்றாள். ஹாஜா மைதீன் சொல்படி வோல்டேஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் மட்டும் தவணையில் வாங்கினாள். இப்போது அவள் கடையில் சாயங்காலமும் நல்ல வஞ்சிரம் கிடைக்கிறது.

பங்குனியில் ஒருநாள் ராஜராஜன் பஸ்ஸுக்காக அவள் கடைப் பக்கம் வந்து நின்றார். புதுச் சட்டை. கையில் மஞ்சள் தடவிய நோட்டு.

"எங்க கெளம்பிட்ட?"

"சீர்காழிக்குக்கா. பொண்ணுக்கு ஒரு பையன் வந்திருக்கான், ஜாதகம் பொருந்துதான்னு பாக்கணும். நம்ம குஞ்சிதபாதம் இப்ப அங்கதான் இருக்காரு. மெஷின் விஷயத்துல ஏதோ தப்புப் பண்ணிட்டாராம். மனுஷ ஜாதகத்துல கெட்டிக்காரருன்னு சொல்றாங்க. நம்மூர்லேர்ந்தே முப்பது பேரு போயிட்டு வந்துட்டாங்க."

நீலாயதாட்சி அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏய்யா, ஃபிரிட்ஜோட ஆயுசு தெரியாதவனுக்கு உன் பொண்ணோட ஆயுசு தெரியுமா? ஃபேன் விஷயத்துல ஏமாத்தினா போலீசுக்குப் போற. பொண்ணு விஷயத்துல ஏமாற பஸ் ஏறிப் போயிக் காசும் குடுக்குற. அந்தப் பையனைப் புடிச்சிருக்கான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

ராஜராஜன் நோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சீர்காழி பஸ் வந்து ஹாரன் அடித்தது.

"நின்னு யோசிய்யா" என்றாள் அவள், மறுபடி மீனை நறுக்கிக்கொண்டே. "யோசிக்கிறதுக்கு இன்னும் யாரும் வரி போடல."