நம்பர் சொன்னால் சுண்டல்

டெல்லியில் பூமி அதிர்ந்தால், அது பூமிக்கே தெரிவதற்கு முன்னால் எங்கள் சார்ஜ் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும். அதிராவிட்டாலும் தெரிந்துவிடும் என்பதுதான் எங்கள் கஷ்டம்.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் கீழ் வீட்டுக்காரர். தென்காசியில் பிறந்து, ஏதோ ஓர் அமைச்சகத்தில் ஃபைல் தள்ளிக்கொண்டிருந்தவர். 'சௌக்கியமா' என்று கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "போன்ல சார்ஜ் எவ்ளவு இருக்கு?" என்பார். பாதிக்குக் கீழே என்றால் அவர் முகம் வாடிவிடும். மலை மந்திர் கோயிலில் முருகனைக் கும்பிட்டு இறங்குகிறவர்களைக்கூட மறித்துக் கேட்பார். ஒரு துக்க வீட்டில், அழுது ஓய்ந்திருந்த மகனின் தோளை அணைத்துக் காதோடு ஏதோ சொன்னார். ஆறுதல் சொல்கிறார் என்று நாங்கள் நெகிழ்ந்துபோனோம். அந்த மனிதர் எழுந்து போய் போனை சார்ஜில் போட்டார்.

அண்ணாச்சி வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் எப்போதும் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். தண்ணீர் ஆடினால் பூமி ஆடுகிறது என்று கணக்கு. ஒரு ஜனவரிக் காலையில் விசில் ஊதி, பிளாக் முழுவதையும் பார்க்கில் இறக்கிவிட்டார். மேல் வீட்டுக்காரர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றார். என் கணவர் ரஜாய்ப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, நிதானமாக ஜன்னலைத் திறந்து, பழைய ஃப்ரிட்ஜின் மோட்டார்தான் உதறுகிறது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்றார்.

வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆபத்துப் பை. டார்ச், பவர்பேங்க், மாத்திரை, பிளாஸ்டிக் உறையில் ஆதார் நகல், முறுக்கு. பை வீங்க வீங்க, கதவு பாதிதான் திறந்தது. நிஜமாகவே ஆபத்து வந்தால் அவர்கள் ஒருக்களித்துத்தான் தப்பித்திருக்க முடியும். முறுக்கு மட்டும் எந்த ஆபத்துக்கும் காத்திருந்ததில்லை. ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் தீர்த்துவிடுவார்கள்.

எனக்குக் கோபம் வந்தது நவராத்திரியில்தான். எல்லா வீட்டுக் கொலுவிலும் குழந்தைகள் பாடினால் சுண்டல். அண்ணாச்சி வீட்டில் அப்பா, அம்மா நம்பரையும், தென்காசியில் இருந்த அவர் தங்கையின் நம்பரையும் மனப்பாடமாகச் சொன்னால்தான் சுண்டல். டெல்லிக்கு ஏதாவது ஆனால் டெல்லிக்குள் லைன் அடைத்துக்கொள்ளும், வெளியூருக்குக் கிடைக்கும். ஒருவரையொருவர் தேடாமல் எல்லாரும் தென்காசிக்கு 'நலம்' என்று சொல்லிவிட வேண்டும், அங்கிருந்து மற்றவர்களுக்குத் தகவல் போகும் என்பது அவர் திட்டம். நான்காம் வகுப்புப் படித்த என் மகள் அசரவில்லை.

"அங்கிள், மம்மி நம்பர் போன்ல சேவ் இருக்கே."

"போனே செத்துப் போச்சுன்னா?"

"அச்சா… அப்போ மம்மிகிட்ட கேப்பேன்."

"மம்மியக் காணும்னுதானே தேடுத?"

சுண்டல் கிடைக்காமல் அழுதுகொண்டு வந்தாள். நானே செய்து தருகிறேன் என்றேன். வேண்டாமாம், அந்தச் சுண்டல்தான் வேண்டுமாம். வாய்ப்பாடு போல ராகம் போட்டு உருப்போட்டாள். மறுநாள் கிண்ணம் நிறைய வாங்கி வந்தாள். சுண்டலுக்கு இவ்வளவு படுத்துகிற மனிதரும் உண்டா என்று பொருமினேன்.

அடுத்த மே மாதம், ஒரு மதியம் ஆந்தி வந்தது. புழுதிப் புயல் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அன்று பட்டப்பகல் இருட்டிவிட்டது. என் அலுவலக ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. ஸ்கூல் பஸ் கிளம்பியிருக்கும் நேரம். பள்ளிக்கு அடித்தேன், பஸ் டிரைவருக்கு அடித்தேன், கணவருக்கு அடித்தேன். ஒன்றும் போகவில்லை. போனில் சார்ஜ் சிவப்புக்கு வந்திருந்தது. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன், தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன், பெற்ற மகளைத் தனியாக பஸ்ஸில் அனுப்பிய என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போது ஒரு குறுஞ்செய்தி வந்தது. தென்காசியிலிருந்து. 'உங்க மக பேசினா. ரோட்டுல மரம் விழுந்து பஸ் நிக்கு. பிள்ளைகள் எல்லாம் ஒரு கடைக்குள்ள இருக்கு. நலம்.'

கடைக்காரர் போனில் எங்கள் நம்பர் கிடைக்கவில்லை என்றதும், தென்காசி நம்பரை ராகத்தோடு ஒப்பித்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

நான் குவார்ட்டர்ஸ் வந்து சேர்ந்தபோது அண்ணாச்சி பார்க்கில் பையோடு உலாத்திக்கொண்டிருந்தார். பஸ் வந்து கடைசிப் பிள்ளை இறங்கும்வரை அவர் உட்காரவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"சார்ஜ் எவ்ளவும்மா இருக்கு?"

"செத்துப் போச்சு அண்ணாச்சி."

திட்டப் போகிறார் என்று நின்றேன். "என்னதும்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டார். பவர்பேங்கை யாருக்கோ கொடுத்துவிட்டு, மதியம் முழுக்க பிளாக்குக்காகத் தென்காசியையே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஜனக்புரி போயிருந்த மதினி அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"ஊருக்கெல்லாம் நலம் சொன்னீரு. எம் புருசன் இருக்காரா இல்லையான்னு நான் தென்காசிலதான் கேட்டுக்கிட வேண்டியிருக்கு" என்றார். அண்ணாச்சி பையைத் திறந்து முறுக்கை நீட்டினார்.

ஓய்வு பெற்ற பிறகு இருவரும் தென்காசிக்கே போய்விட்டார்கள். தங்கை பார்த்த வேலை இப்போது அண்ணாச்சியிடம். டெல்லி லேசாக ஆடினாலும் பழைய பிளாக் மொத்தமும் அவருக்கு 'நலம்' அனுப்பிவிடும். போன வாரம் எங்கள் வீட்டு ஃபேன் ஆடியது. பூமியில்லை, திருகு கழன்றிருந்தது. தெரிந்தும் 'நலம்' என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: 'சார்ஜ் எவ்ளவு?'

இத்தனை வருஷ டெல்லி வாழ்க்கையில், 'சௌக்கியமா' என்று இவ்வளவு பாசமாக என்னை வேறு யாரும் கேட்டதில்லை.