பஸ் ஷெட்டில் அழுத சங்கு

காலை ஆறு மணிக்கெல்லாம் தூத்துக்குடி பஸ் ஷெட் முன்னால் கூட்டம் நெரிந்தது. பஸ் ஏற வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் ஏது? பஸ் கரிப்புகையில்தான் ஓடியது; அதன் முதுகில் கட்டிய கரி அடுப்பு பற்றிக்கொள்ளவே ஒரு மணி நேரம் ஆகும். இவர்களில் பெரும்பாலோர் வந்தது சங்கு அழுவதைப் பார்க்க.

இரண்டு மாதத்துக்கு முன்பு முதலாளி அய்யாக்குட்டியின் பஸ் ஒன்று உப்பளத்துக்குள் இறங்கிவிட்டது. ஓட்டியவன் சாராயக் கடையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தவன். இரண்டு பேருக்குக் கால் போயிற்று. "குடிச்சவன் ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது" என்று அய்யாக்குட்டி சட்டம் போட்டார். நல்ல சட்டம். ஆனால் குடித்தவனை எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்துக்கு நடுவில் அதற்கென்றே ஓர் உறுப்பு துருத்திக்கொண்டிருக்கிறது. அது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. வாய்க்கட்டுச் சாமியார்தான் வந்தார்.

சாமியார் முத்துக்குளிப்புக் காலத்தில் மந்திரம் போட்டுச் சுறாவின் வாயைக் கட்டியவராம். முத்துக்குளிப்பு நின்று பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சாமியார் இல்லாமல் சுறாக்கள் சுகமாகத்தான் இருந்தன. சுறா இல்லாமல் சாமியாரால்தான் இருக்க முடியவில்லை. டிரைவர்கள் பக்கம் திரும்பினார்.

சடங்கு சுலபம். டிரைவர் மண்டியிட வேண்டும். சாமியார் சங்கைக் கவிழ்த்துக் காட்டுவார்; சொட்டு விழாது. பிறகு அவன் தலைக்கு மேல் பிடித்து, முணுமுணுத்து, மூன்று முறை திருகுவார். குடித்தவன் என்றால் காலிச் சங்கிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டும். மூன்று நாள் சங்கு அழுதால் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இசக்கியப்பனுக்கு இரண்டு நாள் அழுதுவிட்டது. அவன் கள்ளுக்கடை வாசலைக்கூட மிதியாதவன். பேச்சும் குறைவு. அதனால் ஊர் சங்கு சொன்னதை நம்பியது.

நேற்று முத்துக்கனிதான் ரகசியத்தை உடைத்தான். அவன் காலைக் காப்பிக்குப் பதில் சாராயம் குடிக்கிற டிரைவர்.

"ஏலே, சாமிக்கு அரைக் குப்பி சாராயம் கொண்டாந்து குடு. கடலம்மைக்குப் படைக்கணுமாம். எனக்குச் சங்கு என்னைக்காவது அழுதிருக்கா?"

"நான் குடிக்கதில்லையேலே."

"அதான் உன்கிட்ட குப்பி இல்ல. அதான் சங்கு அழுது!"

இசக்கியப்பன் இதை வீட்டில் சொன்னான். சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் சங்கு கழுவும் அவன் மனைவி செல்லத்தாய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எந்தப் பக்கமா திருகுதாரு?"

அவன் கவனித்ததில்லை. இன்று கவனித்தான்.

திருச்செந்தூர்த் திருவிழாவுக்கு நாற்பது பேர் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள். முத்துக்கனி முதலில் மண்டியிட்டான். அவனுடைய துணிப்பை சாமியாரின் பெட்டிக்குப் பக்கத்தில் பவ்வியமாக இறங்கியது. சங்கு இடப்பக்கம் திரும்பியது. சொட்டு இல்லை. அடுத்து இசக்கியப்பன். சாமியாரின் விரல்கள் வலப்பக்கம் திருகத் தொடங்கின.

இசக்கியப்பன் சாமியாரின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அந்தப் பக்கமா திருகும்."

கூட்டம் எட்டிப் பார்த்தது. இவனுக்குப் பேச வரும் என்பதே பலருக்கு அன்றுதான் தெரியும்.

"தெய்வக் குத்தம்லே! விடு!" சாமியார் கத்தினார்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு செல்லத்தாய் முன்னால் வந்து சங்கைப் பிடுங்கினாள்.

"பொம்பளை தொட்டா தீட்டு!"

"அப்படியா? சதை எடுத்து, சேறு எடுத்து, இந்த ஊர்ச் சங்கு அம்புட்டையும் கழுவுதது பொம்பளைதான். அப்ப எங்க போச்சு தீட்டு?" அவள் சடங்கைப் பார்க்க நின்றிருந்த முதலாளி பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்க குடிப்பியளா?"

"நானா? பதநீரைத் தவிர ஒண்ணும் தொடமாட்டேன்."

"குனியுங்க."

முதலாளி குனிந்தார். சங்கு வலப்பக்கம் திரும்பியது. முதலாளியின் வழுக்கையில் பொலபொலவென்று கொட்டியது.

"அண்ணாச்சி குடிகாரரு!" என்றது ஒரு குரல். ஷெட்டே சிரித்தது.

"சங்குக்குள்ள சுருள் சுருளா வழி இருக்கு, அண்ணாச்சி. தண்ணியை உள்ள விட்டுட்டா, சும்மா கவுத்தா வராது. இப்படித் திருகுனா உள்ளேயே நிக்கும். அப்படித் திருகுனா வெளிய வரும். கிட்டங்கியில தெனமும் எங்க சேலையெல்லாம் நனையுது. நாங்க என்ன குடிகாரியளா?"

அய்யாக்குட்டி தலையைத் துடைத்தார். அவருக்குக் கோபத்தை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. "பின்ன குடிச்சவனை எப்படித்தான் கண்டுபிடிக்க?"

"உங்களுக்குச் சளி ஏதும் பிடிச்சிருக்கா?"

"இல்லையே."

"அப்ப மோந்து பாருங்க."

முதலாளி முத்துக்கனியின் முன்னால் போய் நின்றார். "ஊதுலே."

முத்துக்கனி ஊதினான். முதலாளி நாலடி பின்னால் போய் நின்று இருமினார். சாமியாரின் பெட்டியைத் திறந்தார்கள். கடலம்மைக்குப் போக வேண்டிய குப்பிகள் காலியாகக் கிடந்தன. சாமியார் எந்தப் பக்கம் ஓடினார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. சுறா துரத்தியதுபோல ஓடினார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

இசக்கியப்பன் டிரைவர் சீட்டில் ஏறினான். ஏறும்முன் முதலாளியின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஒருமுறை ஊதிவிட்டுத்தான் ஏறினான்.

எல்லாம் முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் ஓடிவந்து செல்லத்தாயின் காலில் பொத்தென்று விழுந்தாள்.

"தாயே! நீதான் உண்மையான சக்தி! எம் மவன் ரங்கூன்ல இருந்து வருவானா? சங்கை ஒருக்கத் திருகிச் சொல்லு, தாயே!"

செல்லத்தாய் அவளைத் தூக்கி நிறுத்தினாள். சங்கில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினாள்.

"இதுக்குள்ள இருந்தது இம்புட்டுத் தண்ணிதான், அக்கா. உங்க கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்குல்லா? மொதல்ல அதத் திருகிப் பாருங்க."