திட்டி வாங்கிய வோல்கா

அந்தக் காரைத் திட்டியே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். மூன்று மாத யோசனை.

கார் என் மைத்துனன் ஜுமாகாதிருடையது. துயூப் ஊர்ப் பக்கம் தேனீ வளர்க்கிறான். 1961ஆம் வருடத்து ரஷ்ய வோல்கா. என் மாமனார் வாங்கியது. அவர் போன பிறகு பதினெட்டு வருடமாக வைக்கோல் கொட்டகையில் நிற்கிறது. யாரும் கை வைக்கவில்லை. அதுதான் விசேஷம். பழைய காருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால் மதிப்பு பாதியாகிவிடும். கை படாமல் இருந்தால் தலைநகர் பிஷ்கெக்கில் மூன்று லட்சம் சோம் தருவார்கள். நான் முப்பதாயிரத்தில் முடிக்கப் பார்த்தேன். சொந்தக்காரனிடம் பேரம் பேசினால் கேவலம். காரைத் திட்டினால் யார் என்ன சொல்ல முடியும்?

என் மனைவி சோனுன் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். மைத்துனன் முரண்டு பிடித்தால் முழு விலையும் கொடுத்துவிடலாம் என்று மூன்று லட்சத்தைக் கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்திருந்தேன். அவ்வளவு ஆசை.

கொட்டகைக் கதவு திறந்தது.

சாம்பல் கலந்த நீலம். தொழிற்சாலையில் அடித்த அதே பெயிண்ட். முன்பக்க மூடியின் நுனியில் பாயும் மான் பொம்மை. தந்த நிற ஸ்டியரிங்கில் மயிரிழை விரிசல்கள். துணியில் சுற்றிய காந்தத்தை எடுத்துக் கதவின் அடியில் வைத்தேன். துருவைப் பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் நழுவும். இது டப்பென்று ஒட்டிக்கொண்டது. மிதியடியைத் தூக்கினேன். தரைத் தகட்டில் ஓர் ஓட்டைகூட இல்லை. எஞ்சினில் இருந்த எண்ணும் பத்திரத்து எண்ணும் ஒன்றே. எனக்கு அழுகை வந்தது. அதைத் தும்மலாக மாற்றிக்கொண்டேன்.

"ச்சே ச்சே! ஜுமாகாதிரு, இது காரா?"

"ஏன் அத்தான்?"

"அந்த மானைப் பாரு. அதுக்கே இந்த வண்டியில இருக்கப் பிடிக்கல. ஓடிப்போகப் பாக்குது."

"அப்பா கல்யாணத்துக்கு மட்டும்தான் எடுப்பாரு அத்தான்."

"அதான் துருவும் கல்யாணம் பண்ணிக் குடும்பம் நடத்துது. பெயிண்ட் பூரா வெளுத்துப்போச்சு. ஸ்டியரிங்குல சுருக்கம் விழுந்துடுச்சு. எடைக்குப் போட்டாக்கூட எடுக்கமாட்டான். என்ன பண்றது, சொந்தமாப் போயிட்டே. முப்பதாயிரம் தரேன்."

மைத்துனன் முகம் வாடிவிட்டது. சோனுன் தேநீர்க் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். என் கையிலிருந்த காந்தத்தையே பார்த்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்து எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகளைத் தேனில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தோம்.

"அக்கா, தாய்வீட்டுக்கு வந்துட்டு வெறுங்கையோட போகக் கூடாது. என்ன வேணும், கேளு" என்றான் ஜுமாகாதிர். எங்கள் கிர்கிஸ் வழக்கம் அப்படித்தான். கட்டிக்கொடுத்த பெண் வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது.

"கொட்டகையில கெடக்குற அந்த இரும்பைக் குடுடா."

"ஐயோ, அதையா? அத்தான் அந்தத் திட்டுத் திட்டினாரே! ஒரு பசுமாடு கேளுக்கா."

"மாட்டுக்குத் தீனி போடணும். இது சும்மா நிக்கும், உங்க அத்தான் மாதிரி."

சாவி அவள் கைக்குப் போனது. எனக்கு வாயெல்லாம் பல். பைசா செலவில்லாமல் வோல்கா!

மறுநாள் லாரியில் ஏறி, கராகோலில் எங்கள் வீட்டுக் கொட்டகைக்கு வந்து இறங்கியது கார். நான் கையை நீட்டினேன்.

"சாவியைக் குடும்மா."

"எதுக்கு? எடைக்குக்கூட எடுக்கமாட்டாங்களே."

"அது சும்மா சொன்னது..."

"அப்போ இப்போ நல்லாப் பாத்துச் சொல்லுங்க. என்ன தருவீங்க?"

"முப்பதா..."

அவள் என் பையில் கைவிட்டுக் காந்தத்தை எடுத்தாள். கதவடியில் வைத்தாள். டப்.

"பட்டி இல்ல. ஓட்டை இல்ல. நம்பர் ரெண்டும் ஒண்ணு. கண்ணாடிகூட மாத்தல. மூணு மாசமாத் தூக்கத்துல இதைத்தானே பாடுறீங்க? கோட்டுல இருக்கிறதை எடுங்க."

"எந்தக் கோட்டு?"

"நீங்க போட்ட தையல் அன்னிக்கே பிரிஞ்சுபோச்சு. நான்தான் திருப்பித் தைச்சேன். சிவப்பு நூலு. பாக்கலையா?"

பார்த்தேன். சிவப்பு நூல். என் தையலைவிட எவ்வளவோ அழகு.

மூன்று லட்சமும் அன்று மாலையே அவள் தம்பிக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம். நான் அவனிடம் அடிக்கப் பார்த்த லாபத்தை, சத்தம் போடாமல், ஒரு சோம்கூடக் குறையாமல் அவனுக்கே அனுப்பிவிட்டாள். முப்பது வருடமாக மாட்டுச் சந்தைத் தரகர்களைப் பார்க்கிறேன். ஒருவனுக்கும் இந்த மூளை கிடையாது. மனசுக்குள் அவளுக்கு ஒரு சலாம் போட்டேன். போனது போகட்டும், நியாய விலைதானே? கார் வந்துவிட்டதே!

"சரி சோனுன், நாளைக்கே பத்திரத்தை என் பேருக்கு மாத்திடலாமா?"

"ஏங்க, தாய்வீட்டுச் சீரை யாராவது விப்பாங்களா?"

"அப்போ நான் குடுத்த மூணு லட்சம்?"

"வீட்டுக்குப் புதுசா மருமக வந்தா, முதல்ல முகம் பாக்குறவங்க மொய் வைக்கிறதில்லையா? அதுதாங்க. காரு முகத்தை நல்லாப் பாத்துட்டீங்கல்ல? வெளிய வாங்க, கதவைப் பூட்டணும்."