நானூற்றுப் பன்னிரண்டு படங்களுக்கு நான் கொடுத்த ஒப்புதல்

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நலம் என்று எழுதும் நிலைமைக்கு நான் நேற்று மாலை ஆறரை மணிக்குத்தான் வந்து சேர்ந்தேன், ஆகவே நலம். உங்கள் அத்தை வழக்கம்போல என்னைவிட நலம். அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்திக்குப் பல் ஆடுகிறது என்று கேள்விப்பட்டோம். அதை யாரும் பிடுங்க வேண்டாம், தானாக விழட்டும் என்று உங்கள் அத்தை சொல்லச் சொன்னாள்.

நீங்கள் கேட்டது மூன்று வரி. "புது வசதி எப்படி இருக்குன்னு மூணு வரில எழுதி அனுப்புங்க மாமா, எங்க குழுவுல காட்டணும்" என்றீர்கள். பதிவேட்டுப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவனிடம் மூன்று வரி கேட்பது உங்கள் பெருந்தன்மை. மூன்று வரியில் எங்கள் அலுவலகத்தில் கடிதத்தின் 'பொருள்' கூட முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்கள் குழுவுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சங்கத் தலைவரைப் பற்றி வரும் இடங்கள் மட்டும் நமக்குள் இருக்கட்டும்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் இணையதளம் பதினோரு வருடமாக என் பொறுப்பில் இருப்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் அமைத்துக் கொடுத்தீர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் உள்ளே பிரித்துப் பார்த்துத் திருத்தலாம் என்ற, நம் தளத்தை ஓட்டும் அந்த மென்பொருளை, முகம் பார்த்திராத பத்து நாட்டு ஆட்களோடு சேர்ந்து நீங்கள் சும்மாவே செய்து கொடுக்கிறீர்கள் என்று அன்று தெரிந்தபோது, மாப்பிள்ளைக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று நான் உங்கள் அத்தையிடம் சொன்னேன். அந்தப் பேச்சை இந்தக் கடிதத்தோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விஷயம் என்னவென்றால், போன மாதம் தலைவர் என்னை லிஃப்ட் வாசலில் நிறுத்தி, "சைட் ரொம்பப் பழசா இருக்கே, வெளி கம்பெனிகிட்ட குடுத்துடலாமா? பொதுக்கூட்டத்துல ஒரு தீர்மானமா கொண்டு வந்துடுறேன்" என்றார். செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன், அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை, உள்ளதைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவனுக்குக் காலையில் எழுந்து சட்டை மாற்ற ஒரு காரணம் வேண்டும். எனக்கு அந்த இணையதளம்தான் காரணம். மாதம் ஆறு அறிவிப்பு, வருடம் நாற்பது படம், கூட்டத்துக்குக் கூட்டம் நடவடிக்கைக் குறிப்பு. அதுவும் போனால் நான் பனியனோடு பால்கனியில் நிற்கும் ஆளாகிவிடுவேன். இந்தப் பயத்தை உங்களிடம் புலம்பியதும், "கவலைப்படாதீங்க மாமா, புதுப் பதிப்புல ஏஐ வசதியெல்லாம் வந்தாச்சு, போன வருஷம் மாதிரி அரைகுறையா இல்ல, இப்ப நல்லா முன்னேறியிருக்கு, ஏத்தி விடுறேன்" என்று சொல்லி, போன திங்கட்கிழமை ஏற்றியும் விட்டீர்கள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நான் கணினியைத் திறந்ததும் அது மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டது. 'இந்தத் தளத்தில் 412 படங்களுக்கு விளக்கம் இல்லை. எழுதித் தரட்டுமா?' இப்படிப் பணிவாகக் கேட்ட ஒரு உதவியாளரை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. எழுது என்றேன். ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் நானூற்றுப் பன்னிரண்டையும் எழுதி வரிசையாக அடுக்கிவைத்திருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'ஒப்புதல்', 'திருத்து', 'வேண்டாம்' என்று மூன்று பொத்தான். எல்லாவற்றுக்கும் மேலே 'அனைத்தும்' என்று ஒரு சின்னச் சதுரம். எங்கள் பிரிவில் ஒரு முறை உண்டு: கீழே இருப்பவன் எழுதும்போதே படித்திருப்பான், மேலே இருப்பவர் எப்படியும் படிப்பார், நடுவில் இருப்பவன் கையெழுத்துப் போட வேண்டும். நான் முப்பத்து நான்கு வருடமும் நடுவில்தான் இருந்தேன். கோப்புக் கட்டைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. சதுரத்தில் ஒரு அழுத்து, ஒப்புதலில் ஒரு அழுத்து, முடிந்தது வேலை. இயந்திரம் என்னதான் எழுதினாலும் கடைசி முடிவு ஒரு மனிதர் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக நீங்களும் உங்கள் குழுவும் எட்டு மாதம் வாதாடியதாகப் பிறகு சொன்னீர்கள். அந்த மனிதர் நான்தான் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

விளக்கம் என்பது படத்துக்குக் கீழே அச்சாகும் என்று நினைத்திருந்தேன். தளத்தைப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. சரி, உள்ளே எங்கோ இருக்கும் என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை காலை வீட்டு மணி அடித்தது. வாசலில் மேல் மாடி வக்கீலம்மா. அவருக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. ஆனால் நீதிமன்றத்தில் அவர் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு தண்ணீர் கேட்கும் என்பார்கள். கோட்டும் கையுமாகக் கிளம்பி நின்றவர், "உங்க சைட்ல இருக்கிற படங்களைப் பத்திப் பேசணும் சார். இப்ப நேரமில்ல. சனிக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டு, கைத்தடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். கண் தெரியாதவருக்குப் படத்தில் என்ன வேலை என்று ஒரு நிமிடம் நின்றேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. அவருடைய கணினி திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். படம் வந்தால் அந்த விளக்கத்தைப் படிக்கும். அதாவது, நான் படிக்காமல் ஒப்புதல் கொடுத்த நானூற்றுப் பன்னிரண்டையும் ஊரிலேயே படித்த ஒரே ஆள் ஒரு வக்கீல்.

உள்ளே போய்த் திறந்து பார்த்தேன். 'தலைவர் உரை' என்ற படத்துக்கு 'மைக்கின் முன்னால் கண்களை மூடிக்கொண்டு பேசும் வயதான ஆண். பின்னால் ஏழு பேர், அதில் நால்வர் செல்பேசியைப் பார்க்கிறார்கள்.' 'புதிய லிஃப்ட் திறப்பு' என்ற படத்துக்கு 'மூடிய லிஃப்ட் கதவின் முன்னால் கவலையோடு நிற்கும் கூட்டம்.' அன்று லிஃப்ட் திறக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் சிறப்பாகத் திறந்துவைக்கப்பட்டது என்று நடவடிக்கைக் குறிப்பில் நான் முந்தின நாளே எழுதிவைத்துவிட்டேனே. 'மரம் நடும் நிகழ்ச்சி'க்கு 'ஒரு சிறிய குழியைச் சுற்றி ஒன்பது பேர். மண்வெட்டி யார் கையிலும் இல்லை.' உடற்பயிற்சிக் கூடத்துக்கு 'துணி உலர்த்தும் கருவிகள் உள்ள அறை.' என் படமும் ஒன்று இருந்தது. 'கையில் கோப்புடன், படச் சட்டகத்துக்குள் வர முயலும் மனிதர்.' அதைப் படித்துவிட்டு உங்கள் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபின், "இதுல நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?" என்றாள். "பொத்தான்தான் அழுத்தினேன்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான். அந்தம்மா கேஸ் போட்டா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள்.

வியாழனும் வெள்ளியும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தலைவர் மட்டும் அறுபத்து மூன்று படத்தில் இருந்தார், அறுபத்து மூன்றிலும் கண் மூடியிருந்தது. எப்படித் திருத்துவது என்று தேடியபோது 'நடையை மாற்று' என்று ஒரு வசதி தென்பட்டது. 'மரியாதையாக' என்று தேர்ந்தெடுத்தேன். 'மாண்புமிகு பெரியவர் மைக்கின் முன்னால் கண்களை மூடியருளியிருக்கிறார்' என்று வந்தது. வேறு வழியில்லாமல் அறுபத்து மூன்றையும் அப்படியே மாற்றிவிட்டேன். கையோடு, பதினோரு வருட நடவடிக்கைக் குறிப்புகளுக்கும் சுருக்கம் போடச் சொன்னேன், அதையாவது காட்டி நல்ல பெயர் வாங்கலாம் என்று. பதினான்கு பக்கக் குறிப்புக்கு அது கொடுத்த சுருக்கம்: 'லிஃப்ட் பற்றிப் பேசப்பட்டது. முடிவு எடுக்கப்படவில்லை.' அடுத்த கூட்டத்துக்கும் அதே. அதற்கு அடுத்ததற்கும் அதே. இயந்திரம் பழுதாகிவிட்டதோ என்று என் குறிப்புகளை நானே முதல்முறையாகப் படித்துப் பார்த்தேன். பழுது இயந்திரத்தில் இல்லை.

சனிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு வக்கீலம்மா வந்தார். நாற்காலியைத் தொட்டுப் பார்த்து உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "உக்காருங்க சார், நீங்க நிக்கிறது எனக்குக் கேக்குது" என்றார். உட்கார்ந்தேன். "இந்தக் கட்டடத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. உங்க சைட்டைத் திறந்தா என் கம்ப்யூட்டர் என்ன சொல்லும் தெரியுமா? படம். படம். படம். ஒரு நம்பர். மறுபடி படம். எல்லாரும் ஒரு ரூம்ல சிரிச்சுட்டிருக்க, நான் கதவுக்கு வெளில நிக்கிற மாதிரி இருக்கும். செவ்வாய்க்கிழமை திறந்தேன். மைக் முன்னால கண்ண மூடிட்டுப் பேசுறார்னு சொல்லுது. இத்தனை வருஷமா அந்த மனுஷன் என்னைப் பார்த்துதான் பேசுறார்னு நினைச்சு நான் நிமிர்ந்து உக்காந்துட்டிருக்கேன் சார்" என்று சொல்லி, ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், உங்கள் அத்தை அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "ஒரே உக்காரல்ல நானூத்திப் பன்னெண்டையும் கேட்டேன். கோர்ட்டுக்கு லேட்டாப் போனேன். மரக் குழியைக் கேட்டப்ப வயிறு வலிச்சிருச்சு. ஆனா நேத்திலேர்ந்து எல்லாம் மாண்புமிகுன்னு வருது. யார் மாத்தினது?" நான்தான் என்றேன். "பழசையே போடுங்க. எனக்கு மரியாதை வேணாம், என்ன நடந்ததுன்னு தெரிஞ்சாப் போதும். ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பு. கறுப்புக் கண்ணாடி போட்ட பெண், கோபமாக இருக்கிறார்னு ஒரு படம் இருக்கு. அது நான்தான். நான் கோபமா இல்ல, வெயில் மூஞ்சில அடிச்சுது. அதை மட்டும் திருத்திடுங்க."

மாண்புமிகுவை எல்லாம் எடுத்துப் பழசையே போட்டேன். அந்த ஒன்றை அவர் எதிரிலேயே திருத்தினேன். 'கறுப்புக் கண்ணாடி அணிந்த வக்கீலம்மா, முகத்தில் வெயில்.' வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார். மாப்பிள்ளை, எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. பதினோரு வருடம் அவருக்குக் கீழ் மாடியில் இருந்துகொண்டு, படம் படமாகப் போட்டுவிட்டு, இது அவருக்கு என்னவாகப் போய்ச் சேருகிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதை அவரிடமே சொன்னேன். "நானும் ஒரு நாளும் கேக்கலையே சார்" என்றார். அவ்வளவுதான். உங்கள் அத்தை காபி கொடுத்தாள், கேஸ் இல்லை என்று எனக்குக் கண்ணாலேயே சொன்னாள்.

நேற்று பொதுக்கூட்டம். ஐந்தாவது பொருள், இணையதளத்தை வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பது. தலைவர் கண்களை மூடிக்கொண்டு தீர்மானத்தை வாசித்தார். இந்தத் தடவை நானும் கவனித்தேன், தீர்மானம் அவருக்கு மனப்பாடம். ஆட்சேபணை உண்டா என்று கேட்டதும் வக்கீலம்மா எழுந்தார். "இந்தக் கட்டடத்துல எனக்குப் படம் காட்டுற ஒரே ஆள் இவர்தான். இவரை எடுத்தா நான் ஆட்சேபணையை எழுத்துல தருவேன்" என்றார். எழுத்தில் என்ற வார்த்தை கேட்டதும் தலைவர் கண்ணைத் திறந்தார். தீர்மானம் கைவிடப்பட்டது. அப்போது மணி ஆறரை. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஆகவே உங்கள் குழுவுக்கு என் கருத்து இதுதான். உங்கள் வசதி நன்றாக வேலை செய்கிறது. வேலை செய்யாதது நான்தான், அதுவும் இப்போது சரிசெய்யப்பட்டுவிட்டது. இனி ஒரு நாளைக்குப் பத்துப் படம், ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, படத்தோடு ஒத்துப் பார்த்து, அப்புறம்தான் ஒப்புதல். முடிந்தால் அந்த 'அனைத்தும்' சதுரத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், அது என்னைப் போன்றவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. இனி என் கண்ணில் படாமல் இந்தத் தளத்தில் ஒரு புள்ளிகூட வெளியாகாது என்று உங்களுக்கு உறுதி சொல்கிறேன்.

மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் சும்மா செய்து கொடுக்கும் வேலை நீண்ட நாள் செழிக்கட்டும், உங்கள் பத்து நாட்டு நண்பர்களின் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
(பொறுப்பாளர், இணையதளம்)

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தளத்தின் எழுதும் பெட்டியில்தான் தட்டச்சு செய்தேன், எனக்குப் பழக்கமான இடம் அதுதான். முடித்ததும் 'சுருக்கம் சேர்த்து அனுப்பட்டுமா?' என்று பணிவாகக் கேட்டது. உங்களுக்குத்தான் அனுப்பும் என்று நினைத்து ஒப்புதல் கொடுத்தேன். 'அறிவிப்புகள்' பகுதியில் வெளியாகி, தொண்ணூற்றாறு வீட்டுக்கும் மின்னஞ்சலில் போய்விட்டது. சுருக்கம்: 'தலைவர் கண்களை மூடிக்கொண்டு பேசுகிறார். பொறுப்பாளர் படிக்காமல் ஒப்புதல் தருகிறார். லிஃப்ட் பற்றி முடிவு எடுக்கப்படவில்லை.' அரை மணி நேரத்தில் தலைவர் வாசலில் நின்றார். ராஜினாமாக் கடிதம் எழுதட்டுமா என்று நானே கேட்டேன். "முழுசாப் படிச்சேன்" என்றார். பிறகு என் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "கூட்டத்தைப் பார்த்தா எனக்குப் பேச்சு வராதுங்க, அதான் கண்ண மூடிக்கிறது. வக்கீலம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அந்த விளக்கம் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, படியில் இறங்கிப் போனார். லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. வேலை இன்னும் என் கையில்தான் இருக்கிறது, மாப்பிள்ளை. இனிமேல் என்னை நம்புவதற்கில்லை என்பதால், இந்தப் பின்குறிப்பைக் காகிதத்தில் கையால் எழுதி, உங்கள் அத்தையிடம் கொடுத்து, முழுவதும் படித்துப் பார்த்து ஒப்புதல் கையெழுத்துப் போடச் சொன்னேன். படிக்காமலேயே போட்டுவிட்டாள்.