பல சமூக முதியோர் நல மையம், பி விங்

"மரியம்மா, நீங்க தமிழ் டேபிள். அது மராட்டி டேபிள்" என்றார் ரங்கராஜன்.

"இருக்கட்டும் சார். இதே ஊர்ல, கட்கியிலயே பொறந்து வளந்தவ நான். சண்டை போடணும்னா மராட்டிதான் வாய்ல வரும்" என்றார் மரியம்மாள். நகரவில்லை.

தமிழ் மேசையில் முகமது ரஃபீக் ஒற்றை ஆளாக அமர்ந்து, மேசை விரிப்பின் அழுக்கை ஆம்பூர்த் தமிழில் விமர்சித்துக்கொண்டிருந்தார். மராட்டிக்காரரான சுமன்தாயி உருது மேசையில். அங்கேதான் மின்விசிறி ஓடியது.

ரங்கராஜனுக்குத் தலை சுற்றியது. ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் முந்நூறு பேரைக் கட்டி மேய்த்தவர். ஓய்வு பெற்று நான்கு மாதம். கோந்த்வா குடியிருப்பின் கிளப் அறையில் இந்த மையத்தைத் தானே தொடங்கி, தானே தலைவராகி, தனக்குத் தானே வரவேற்புரையும் ஆற்றியிருந்தார். ஆள் சேர்த்துக் கொடுத்தது மட்டும் மனைவி வனஜா.

பதினொரு மணிக்குக் கமிட்டிச் செயலாளர் தீபா வருகிறாள். மையத்தால் யாருக்கும் பயனில்லை என்று தோன்றினால் அறை ஜிம்முக்குப் போய்விடும். அப்புறம் தினமும் காலை பத்து மணிக்கு எங்கே போவது?

மொழிவாரி மேசைகளை ஒழித்தார். சமூகத்துக்கு ஒரு நிறமாக பேட்ஜ் குத்தினார். புடவைக்குப் பொருந்தவில்லை என்று பெண்கள் இருவரும் மாற்றிக்கொண்டார்கள். ரஃபீக் தன்னுடையதைக் கழற்றி அதன் ஊசியால் பல் குத்திக்கொண்டிருந்தார். பேட்ஜையும் ஒழித்துவிட்டுக் கேள்வித்தாளை எடுத்தார்.

"பாய், தனிமையா உணர்றீங்களா?"

"அதுக்கு ஏது சார் நேரம்? பேரனோட ஸ்கூல் வேன், மஸ்ஜித், கறிக்கடை. நீங்க நைட்டு தூங்குனீங்களா?"

"என்னை விடுங்க. மரியம்மா, பசி எடுக்குதா?"

"எனக்கென்ன கேடு? நீங்க டிபன் சாப்ட்டீங்களா? முகம் வாடிக் கெடக்கே."

சுமன்தாயி ரங்கராஜனின் முகத்தைப் பார்த்து நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"யார் யாரைக் கேள்வி கேக்கறது இங்க!" என்று ரங்கராஜன் கத்தினார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மரியம்மாள் அவரை மின்விசிறிக்குக் கீழே இழுத்து உட்காரவைத்தார். ரஃபீக் அவர் கையில் டீயைத் திணித்தார். சுமன்தாயி தமக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொன்னார்: "கோவம் வேணாம்."

சரியாக அப்போதுதான் தீபா நுழைய வேண்டுமா?

"இது... ஒரு டெமோம்மா. இவங்கள்லாம் பயனாளிகள்..."

"புரியுது அங்கிள். பலன்தான் கண்ணுக்கு நேரா தெரியுதே. ரூம் உங்களுக்குத்தான்" என்று சொல்லி அவள் போய்விட்டாள்.

ரங்கராஜனுக்கு எப்படி ஜெயித்தோம் என்று விளங்கவில்லை. இருந்தாலும் எழுந்து நின்று, சட்டையை நீவிக்கொண்டு, நன்றியுரைக்குத் தொண்டையைச் செருமினார்.

வாட்ச்மேன் வசந்தகுமார் கதவு வழியாகத் தலையை நீட்டினான்.

"மரியம்மாக்கா, வனஜா மேடம் கேக்கறாங்க. வர்ற வாரம் சாரைப் பாத்துக்கற ட்யூட்டி யாருக்கு?"