கண்ணளவுக்காரரும் பன்னிரண்டு சிவப்புக் கண்ணாடிகளும்

கண்ணளவுக்காரர் தம் தங்கை மகளுக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தார்.

யார் இந்தக் கண்ணளவுக்காரர் என்கிறீர்களா? தெருவுக்கு ஒருவராவது இருக்கும் இனம். அளவுகோல், தராசு, வெப்பமானி எல்லாம் பார்வை சரியில்லாதவர்களுக்காகச் செய்யப்பட்டவை என்பது இவர்கள் முடிவு. சுவரில் ஆணியைக் குத்துமதிப்பாக அடிப்பார்கள். மாட்டிய படம் சாய்ந்தால் சுவர் கோணல் என்பார்கள். எனக்கு இந்த இனம் நல்ல பழக்கம். தினமும் காலையில் முகம் மழிக்கும்போது எதிரே நிற்கிறது.

நம்மவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை மூட்டைகட்டி, ஜன்னல் துடைத்து, கண்ணாடி சுமந்து, கண்ணாடி வெட்டி, கடைசியில் கண்ணாடிக்குப் பூச்சு போடும் பட்டறைக்கே முதலாளி ஆனவர். இதை நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார். கேட்டால் இரண்டு தடவை சொல்வார்.

பூச்சுக் கரைசல் கலப்பது ரசாயனம் படித்த தங்கை மகள். ஒரு நாடக அரங்கு வாசலுக்குப் பன்னிரண்டு சிவப்புக் கண்ணாடி கேட்டிருந்தது. சாயம் கிடையாது, தங்கம்! கண்ணுக்கே தெரியாத துகள்களாகக் கரைசலில் மிதக்கும். அதில் கண்ணாடியை முக்கி, மெல்லத் தூக்கி, உலையில் சுட்டால் தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய படலம் நிற்கும். அதன் வழியே வரும் வெளிச்சம் மாதுளைச் சாறாகச் சிவக்கும். வேலை முடிந்தால் சம்பளம் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் அவள் வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டியாக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு என்பதே அவருக்கு அவமானம். எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, தண்ணியா இருக்கு? இது எங்கே சிவக்கப் போகுது?"

"அவ்வளவுதான் மாமா. கூடப் போட்டா துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நிறம் மாறிடும்."

"தங்கம் கூடினா கெட்டுப் போகுமா? நாப்பது வருஷமா கண்ணாடி பார்க்கிறவன்கிட்ட சொல்றியே!"

அவள் சாப்பிடப் போன நேரத்தில் கரைசலில் தங்கத்தை மூன்று பங்கு கூடுதலாக ஊற்றினார். திருட்டுத்தனமாக அல்ல, வள்ளல்தனமாக.

உலை திறந்தது. பன்னிரண்டும் நீலம். அடிபட்டுக் கன்றிய முழங்கால் நீலம்.

இந்த இனம் இப்போது என்ன செய்யும்? ஒப்புக்கொள்ளுமா? அரங்கின் மேலாளர் வந்ததும் நம்மவர் ஒரு கண்ணாடியை ஜன்னலோரம் பிடித்தார், திருப்பிப் பிடித்தார், மேகத்தைக் குறை சொன்னார், விளக்கை மாற்றினார், கடைசியில் மேலாளரின் மூக்குக்கண்ணாடியையே கழற்றச் சொன்னார்.

"கழட்டினாலும் நீலம்தாங்க ஐயா. வியாழக்கிழமைக்குள்ள சிவப்பா வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

மேலாளர் போனார். முதலாளி துண்டு போர்த்தி மூடி வைத்திருந்த ஒளியளக்கும் பெட்டியைத் திறந்து, தங்கை மகள் ஒரு கண்ணாடியை உள்ளே வைத்தாள்.

"பாருங்க மாமா. வெளிச்சத்துல இருக்கிற பச்சையை விழுங்கினாத்தான் சிவப்பு வெளியே வரும். உங்க தங்கம் கூட்டமா சேர்ந்து சிவப்பையே விழுங்கிடுச்சு. எவ்வளவு ஊத்தினீங்க?"

"கண்ணளவுதான்..."

"என் சம்பளத்தையும் சேர்த்து ஊத்திட்டீங்க."

முதலாளி கடைக்குக் கிளம்பினார். புதுத் தங்கக் கரைசல் வாங்கினார், காசு அவருடையது. அவள் துளித்துளியாக விட, பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணினார். நடுவில் ஒருமுறை, "இன்னும் ரெண்டு சொட்டு...?" என்று இழுத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி எண்ணத் தொடங்கினார்.

வியாழக்கிழமை பன்னிரண்டும் சிவப்பு. "எல்லாம் நான் கூட நின்னு பார்த்ததுங்க" என்று மேலாளரிடம் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார். சொல்லாமல் இருப்பாரா?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன இருமலுக்கு வாங்கிய மருந்தோடு ஓர் அளவு மூடி வந்ததே, அதை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

அன்று மாலை நம்மவர் நோட்டுக்கட்டைக் கட்டைவிரலால் ஒரு புரட்டுப் புரட்டினார். "நாலு மாசம் சரியா இருக்கும். பிடி."

அவள் விரித்த கை மூடவில்லை. "எண்ணிக் குடுங்க மாமா."

விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணினார். மூன்றாம் மாதத்திலேயே கட்டு தீர்ந்துபோனது. கொஞ்ச நேரம் வெறும் விரல்களைப் பார்த்தார். பிறகு உள்பையிலிருந்து இன்னொரு கட்டை உருவி, நான்காம் மாதத்தையும் அந்த உள்ளங்கையில் வாய்விட்டு எண்ணி வைத்தார்.