"ஜால்ரா" முதல் இதழும் பகிரங்கக் கருத்தறிதலும்

கருத்துச் சுதந்திரம் கிரேக்க தேசத்தில் பிறந்து, லண்டனில் வளர்ந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றாம் வருஷம் டெல்லி ஜனக்புரியில் முக்தி அடைந்தது. அந்தப் புண்ணிய வைபவம் நடந்தது சங்கீத ரசிக சமாஜத்தின் மார்ச் மாதக் கூட்டத்தில். நடத்தி வைத்தவர் சமாஜத்தின் காரியதரிசி தட்சிணாமூர்த்தி. இப்படிப்பட்ட மனிதர்கள் இருப்பதால்தான் தலைநகரில் மழை பெய்கிறது. அளவாகத்தான் பெய்கிறது, அது வேறு விஷயம்.

தட்சிணாமூர்த்தியின் பெண் வத்சலா பதினொன்றாம் வகுப்பு. தன்னோடு பாட்டு கற்றுக்கொள்கிற பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, எழுதி, படம் போட்டு, ஸ்டென்சில் வெட்டி, சமாஜத்தின் சைக்ளோஸ்டைல் மெஷினில் ஒரு சங்கீதப் பத்திரிகை கொண்டுவந்திருந்தாள். அட்டையில் வீணை. உள்ளே ராகக் குறுக்கெழுத்து, ஒரு கச்சேரி விமரிசனம், மிருதங்கத்துக்கு ரவை எதற்காகப் பூசுகிறார்கள் என்று ஒரு கட்டுரை. எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தது. பெயர்தான் "ஜால்ரா."

குழந்தையைச் சொல்லி என்ன பிரயோஜனம்? டெல்லியில் பிறந்தவள். தமிழைப் பாடி வளர்ந்தாளே தவிர, தமிழில் வசவு வாங்கி வளரவில்லை. ஜால்ரா என்றால் அவளுக்கு சனிக்கிழமை பஜனையில் தட்டுகிற தாளம், அவ்வளவுதான். ஆபீசில் மேலதிகாரி பக்கத்தில் நின்று தட்டுகிற ஜால்ரா ஒன்று உண்டு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அப்பா சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அந்த வாத்தியத்தில் அவருக்கு இருபது வருஷ சாதகம். வித்துவான்கள் தங்கள் பெருமையைத் தாங்களே பேசுவதில்லை.

ஆனால் இதழை ஒரே மூச்சில் படித்தார். குறுக்கெழுத்தைப் போட்டுப் பார்த்து, இரண்டு ராகம் தெரியாமல் முழித்தார். நம்ம பெண்ணா இது என்று கண்கூடக் கலங்கியது.

இரண்டாவது இதழுக்கு மெஷினைத் தொட வேண்டுமானால் சமாஜத் தலைவர் ராஜசேகரன் தலையசைக்க வேண்டும். அவர் ஒரு மந்திரி காரியாலயத்தில் டெப்டி செக்ரெட்டரி. தட்சிணாமூர்த்தி அதே ஆபீசில் அவர் கீழே வேலை பார்க்கிறவர். பதவி உயர்வைத் தீர்மானிக்கிற தட்சிணாமூர்த்தியின் ரகசிய அறிக்கையை ஒவ்வொரு ஏப்ரலிலும் எழுதுகிற கை தலைவருடையதுதான். "வாசகர் அபிப்பிராயத்தைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்று தலைவர் ஜனநாயக முறைப்படி உத்தரவு போட்டிருந்தார்.

"நெஜமான அபிப்ராயம் வேணும்ப்பா," என்றாள் வத்சலா. "நன்னா இல்லேன்னா நன்னா இல்லேன்னு சொல்லட்டும். ஆனா படிச்சுட்டுச் சொல்லட்டும்."

"நான் இருக்கேன், கவலைப்படாதே," என்றார் அப்பா.

கூட்டம் கூடிற்று. முக்கால்வாசிப் பேர் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், ஆகையால் நடைமுறை தெரிந்தவர்கள். "ஜல்தி ஆகட்டும், எனக்கு இன்னொரு மீட்டிங் இருக்கு," என்று தலைவர் 'கருத்தறிதலை'த் தொடங்கி வைத்தார். தட்சிணாமூர்த்தி முதலில் பொருளாளர் சுப்பையாவைக் கேட்டார்.

"தலைவர் என்ன நெனைக்கறார்?" என்றார் சுப்பையா.

"உங்க அபிப்ராயத்தைத்தான் சார் கேக்கறோம்."

"அதைத்தான் சொல்றேன். தலைவர் என்ன நெனைக்கறாரோ அதான் என் அபிப்ராயம். நானா சுயமா யோசிச்சது."

பின்வரிசையில் இன்னும் பல பேர் சுயமாக யோசித்து அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் தலைவர் இதழைக் கையில் எடுத்தார். திறக்கவில்லை. அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"பேர் கணீர்னு இருக்கு."

"கணீர்னு இருக்கு," என்றது முன்வரிசை.

"குறுக்கெழுத்து எப்படி இருந்தது அங்கிள்?" என்று கேட்டாள் வத்சலா. "ரொம்பக் கஷ்டமா போட்டுட்டேனா?"

"குறுக்கெழுத்தும் கணீர்னு இருந்தது," என்றார் சுப்பையா.

அந்தச் சமயம் பார்த்துத் தலைவரின் மனைவி சுந்தரவல்லி மாமி அவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள். தலைவருக்கு முகம் சிவந்தது. அட்டையை மறுபடி பார்த்தார், அப்புறம் சபையைப் பார்த்தார்.

"பேர் மட்டும் கொஞ்சம் சரியில்லையோ?"

"கொஞ்சமா?" என்றார் சுப்பையா. "மொதல்லயே சொல்லணும்னு இருந்தேன் சார்."

அப்புறம் கேட்பானேன், கருத்துகள் மடை திறந்துவிட்டன. வீணை கோணல் என்றார் ஒருவர். குறுக்கெழுத்தில் விஷமம் இருக்கிறது என்றார் இன்னொருவர். மிருதங்கத்துக்கு ரவை பூசுவது சர்க்காரின் சிக்கன நடவடிக்கைக்கு விரோதம் என்றுகூட ஒரு கருத்து பதிவாயிற்று.

தலைவர் திரும்பினார். "தட்சிணாமூர்த்தி, உம்ம பொண்ணுதானே? நீர் படிச்சீரா? உம்ம அபிப்ராயம் என்ன?"

வத்சலா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் இதழைப் படித்தவர் அவர் ஒருவர்தான். பிரமாதம் என்ற வார்த்தை அவருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கூடவே ஏப்ரல் மாதமும் வந்தது. வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

"படிக்க நேரமில்லே சார். ஆனா நீங்க சொல்றது சரிதான்."

வத்சலா எழுந்து நின்றாள். "பேர்ல என்ன தப்பு? ஜால்ரான்னா பஜனைல தட்டறதுதானே? வேற அர்த்தம் உண்டுன்னா யாராவது சொல்லுங்கோளேன்."

தலைவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு அந்தப் பதத்துக்குப் பொழிப்புரை சொல்ல யாருக்கு எத்தனை தலை? தலைவரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"நீரே சொல்லுமே, தட்சிணாமூர்த்தி."

"நீங்க சொன்னாத்தான் சார் சரியா இருக்கும்," என்றார் தட்சிணாமூர்த்தி.

"ஆமா சார், நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்," என்றார் சுப்பையா.

"நீங்க சொன்னாத்தான் சார்," என்றது கூடம் முழுவதும், ஒரே தாளத்தில், சுருதி பிசகாமல்.

வத்சலா மேஜை மேலிருந்த இதழ்களை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அச்சா. புரிஞ்சுடுத்துப்பா," என்றாள். பிறகு தலைவரிடம் திரும்பினாள். "ரெண்டாவது இதழுக்கு வேற மெஷின், வேற பேர் பாத்துக்கறோம் அங்கிள். இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு சமாஜம் நடக்கறது."